கத்தாத கதாநாயகி

போன வாரம் குட்டியை எடிட்டிங் அறையில், ஒரு கை மவுஸிலும் மறு கை தலையிலுமாக விட்டுவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், இன்னும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. குட்டி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். தொழில், எடிட்டர். கல்யாண வீடியோவும் மெத்தை விளம்பரமும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் சொந்தமாகப் பேய்ப்படம் எடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். கேமராமேன் வைக்க வசதியில்லை, விளக்கு வாடகைக்கு எடுக்க வசதியில்லை. அதனால் கதாநாயகியின் போன், கடையின் கண்காணிப்புக் கேமரா, வீட்டு வாசல் கேமரா இவற்றில் தானாகப் பதிவானதை யாரோ பின்னால் கண்டெடுத்தது போல ஒரு படம். குலுங்கும், பாதி முகம் வெட்டுப்படும், இருட்டில் மூச்சு மட்டும் கேட்கும். அந்த வகை.

கதாநாயகி வேறு யாருமில்லை, குட்டியின் அண்ணி. மருந்துக்கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு மாத்திரைப் பெட்டியைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஓர் எலி பாய்ந்து அவள் தோளில் ஏறிவிட்டது. அவள் போட்ட அலறலும், கவுன்ட்டர் மேல் ஏறி நின்ற கோலமும் கடைக் கேமராவில் பதிவாயின. யாரோ அதை வெளியே விட்டார்கள். அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஜனங்களின் போனிலெல்லாம் அண்ணியின் அலறல் ரிங்டோனாக அடித்தது. 'அலறல் அக்கா' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அன்று இறங்கிய குரல்தான், அண்ணி அதற்கப்புறம் யாரையும் உரக்கக் கூப்பிட்டதுகூடக் கிடையாது.

குட்டியின் படமும் அதைப் பற்றியதுதான். ஓர் அலறலால் ஒரே நாளில் புகழ்பெற்ற பெண். பார்க்கிறவர்கள் 'இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவளைக் கத்தவைப்பதற்கென்றே வீட்டுக்குள் ஏதோ ஒன்று வந்து சேருகிறது.

அண்ணி நடிக்கச் சம்மதித்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் மூஞ்சிய எப்படி வேணா காட்டிக்கோ குட்டி. அந்தச் சத்தத்த மட்டும் போட்டுடாதே."

"சத்தியமா மாட்டேன் அண்ணி" என்றாள் குட்டி.

கடைசிக் காட்சியில் அண்ணி கத்தவேண்டும். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. எத்தனை முறை எடுத்தாலும் வரவில்லை. குட்டி அதை அப்படியே விட்டுவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆப்காரர் போன் செய்யும்வரை.

ஆப்காரர் என்பது இந்தக் குடும்பம் வைத்த பெயர். போனில் படம் காட்டும் செயலி ஒன்றை நடத்துகிறவர். "அந்த ஒரிஜினல் அலறல் படத்துல இருக்குமில்ல? இருந்தா வாங்கிக்கலாம். இல்லேன்னா இது வீட்டுல எடுத்த வீடியோதானே, யார் பார்ப்பா?" என்று கேட்டுவிட்டார்.

குட்டி அதை வைத்துவிட்டாள். ஒருவரையும் கேட்காமல், எலிக்குக் கத்திய அந்தக் கத்தலை அண்ணியின் திறந்த வாய்க்கு நேராக வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. அதுதான் கொடுமை.

இன்று மதியம் ஆப்காரருக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டப்போகிறார்கள். குடும்பம் மொத்தமும் வரப்போகிறது. அண்ணியும்.

*

எடிட்டிங் அறை என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, அது வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடுகிற அறை. குட்டி பென்டிரைவில் படத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் தொங்கிய போர்வையை விலக்கிக்கொண்டு அம்மா எட்டிப்பார்த்தாள்.

"ஏன்டி, நான் எந்த இடத்துல வர்றேன்?"

"கடைசியில வருவம்மா."

"மூஞ்சி தெரியுமா?"

"எத்தனை தடவ சொல்லியாச்சு? கால் மட்டும்தான். திரைச்சீலைக்குக் கீழ ரெண்டு கால் தெரியும். அதான் பேய்."

"நல்லாயிருக்கு! எதிர்வீட்டுல இருந்து மருந்துக்கடை முதலாளி வரைக்கும் வர்றாங்க, அவங்களுக்குக் காலைக் காட்டவா நான் தலைக்கு மை அடிச்சேன்?" அம்மா உள்ளே வந்து ஒரு துண்டை மடிக்க ஆரம்பித்தாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். அசையாதேன்னே, நான் அசையல. கொசு கடிச்சுது, அசையல. குக்கர் கூப்பிட்டுது, அப்பவும் அசையல. என்னை மாதிரி நிக்கறதுக்கு உனக்கு எந்த நடிகை கிடைப்பா?"

"யாரும் கிடைக்க மாட்டாங்கம்மா" என்றாள் குட்டி. உண்மையாகத்தான் சொன்னாள். ஒருவரும் கிடைக்காத படத்துக்கு இந்த வீட்டில் எல்லாருமே கிடைத்தார்கள்.

பகல் காட்சியை இரவாக்க ஜன்னல்களில் போர்வை அடித்தது அண்ணன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் யார் யாரோ கட்டடத்தில் ஏறி இறங்கிவிட்டு வந்து, வீட்டில் தங்கைக்காக ஸ்டூலில் ஏறி நின்றான். அண்ணி கடையிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு, "எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்பாள்.

இன்று குட்டி அதையெல்லாம் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். பென்டிரைவில் படம் ஏறி முடிந்தது. அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

அதே நேரம் மருந்துக்கடையில் அண்ணி ஒரு முதியவருக்குச் சர்க்கரை மாத்திரையைக் காலைக்கு எது, மாலைக்கு எது என்று பிரித்து எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் நின்ற பெண் இருமல் மருந்து வாங்க வந்தவள். மருந்தைவிட அண்ணியின் முகத்தில்தான் அவளுக்குக் கண்.

"நீங்க... அந்த அலறல் அக்காதானே?"

"ஒரு வேளைக்கு ரெண்டு ஸ்பூன். சாப்பிட்ட அப்புறம் குடிங்க."

"ஐயோ அக்கா, எங்க வீட்ல எல்லாரும் உங்க ஃபேன். ஒரே ஒரு தடவ கத்துங்களேன், எடுத்துக்கறேன்." போன் ஏற்கெனவே மேலே வந்துவிட்டிருந்தது.

அண்ணி திரும்பி நின்று அலமாரியில் பெட்டிகளை அடுக்கினாள். போன் இறங்கும்வரை அடுக்கினாள். ஏற்கெனவே நேராக இருந்த பெட்டிகள்தான். இரண்டு வருஷப் பழக்கத்தில் அந்த அலமாரியைப் போல ஒழுங்கான அலமாரி எந்தக் கடையிலும் இருக்காது.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ஏம்மா, மருந்து வாங்கியாச்சில்ல? கிளம்புங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். பிறகு அண்ணியிடம், "நீயும் கிளம்பு. நானும் வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு நேரா அங்க வந்துடறேன். நம்ம கடைக் கேமராவும் நடிச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

அண்ணி சிரித்தாள். படம் எடுக்கக் கடையைத் திறந்துவிட்டது இந்த மனுஷர்தான். அந்த வீடியோ வெளியே போனதற்கு அன்றைக்கே வந்து மன்னிப்புக் கேட்டதும் இவர் மட்டும்தான்.

கைப்பையை எடுத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, பஞ்சுச் சுருளிலிருந்து கொஞ்சம் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எதற்கென்று முதலாளி கேட்கவில்லை. நாமும் கேட்கவேண்டாம்.

*

படம் காட்டும் இடம் ஒரு டப்பிங் ஸ்டூடியோவின் மாடி. சின்ன அரங்கு. இருக்கைகளில் பாதிக்கு மேல் உறவுக்காரர்களும் அக்கம்பக்கமும். ஆப்காரர் நடுவரிசையில், கூட இரண்டு உதவியாளர்களுடன் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே நுழையும்போதே அவரிடம் போய், "கடைசியில வர்ற காலு நான்தாங்க" என்று அறிமுகம் செய்துகொண்டாகிவிட்டது.

குட்டி வெளியே மாடிப்படி அருகில் நின்றிருந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். கடைக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள். "என்ன, இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டிருக்கே?"

"பயமா இருக்கு அண்ணி."

"பேய்ப்படம் எடுத்தவளே பயந்தா எப்படி?" அண்ணி அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன். படம் முடிஞ்ச அப்புறம் சொன்னா படத்துக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். அதான் இப்பவே."

குட்டி நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் கேமராவ ஆன் பண்றதுக்கு முன்னாடி நீ என்னைப் பார்த்து, 'எடுக்கலாமா அண்ணி?'ன்னு கேப்பே. நான் 'எடு'ன்னு சொன்னாத்தான் எடுப்பே. ஒருநாள் நான் பதிலே சொல்லாம நின்னேன். நீ போனைக் கீழ வச்சுட்டு டீ போடப் போயிட்டே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்தக் கடைக் கேமரா என்னைக் கேக்கல குட்டி. அதைப் பார்த்துச் சிரிச்சவங்க யாரும் கேக்கல. நீ கேட்டே. இந்த ஆறு மாசமா தினம் சாயங்காலம் என்னை ஒருத்தி கேட்டா. கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவறதே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இப்ப இல்ல." அண்ணி அவள் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். "ரொம்ப நன்றி. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். வா, உள்ள போலாம்."

அண்ணி போய்விட்டாள். குட்டி அங்கேயே நின்றாள்.

உதைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நன்றி சொல்லிவிட்டுப் போனால் என்னதான் செய்வாள்? பென்டிரைவ் எப்போதோ படம் ஓட்டும் ஆபரேட்டர் கைக்குப் போய்விட்டது. உள்ளே விளக்குகள் அணைந்தன. படம் ஆரம்பித்துவிட்டது.

*

படம் நன்றாகவே இருந்தது. நம் வீட்டுப் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை.

முதலில் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டுப் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "அது நம்ம நாற்காலி" என்று எதிர்வீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னார். கடைக் கேமராக் காட்சி வந்ததும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு அடங்கிவிட்டது.

திரையில் அண்ணி போனைப் பார்த்துப் பேசுகிறாள். போனில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறுகிறது. 'இன்னும் ஒரு தடவை' என்று வரிகள் கீழிருந்து மேலே ஓடுகின்றன. அவள் பொய்யாகப் பயப்படுகிறாள், எண்ணிக்கை இறங்குகிறது. நிஜமாகப் பயப்படுகிறாள், ஏறுகிறது. சமையலறை விளக்கு தானாக அணையும்போது அவள் முதலில் பார்ப்பது விளக்கையல்ல, அந்த எண்ணைத்தான். அந்த இடத்தில் ஆப்காரர் நாற்காலியின் முன்நுனிக்கு வந்துவிட்டார்.

குட்டி பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் ஆக ஆக அண்ணியின் தோள்கள் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போயின.

கடைசிக் காட்சி நெருங்கியது. போன் கை நழுவித் தரையில் விழும். அதன் பிறகுதான் அது.

குட்டி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். படிகளில் ஓடி, படம் ஓட்டுகிற அறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தாள்.

ஆபரேட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். "என்னம்மா?"

"சவுண்ட் எதுல கூட்டிக் குறைக்கிறது?"

"நல்லாத்தானே கேக்குது?"

"எதுலண்ணே?"

அவர் பிஸ்கட்டாலேயே ஒரு திருகியைக் காட்டினார். குட்டி அதைப் பிடித்தாள். கண்ணாடித் துளை வழியாகத் திரை தெரிந்தது. போன் விழுந்தது. தரை மட்டத்திலிருந்து ஒரு பார்வை. முன்னால் மண்டியிட்டு அண்ணி, பின்னால் திரைச்சீலை, அதன் கீழே இரண்டு பாதங்கள். அண்ணி மெதுவாகத் திரும்புகிறாள். வாயைத் திறக்கிறாள்.

குட்டி திருகியை ஒரே திருப்பாகத் திருப்பினாள்.

"ஐயையோ, என்னம்மா பண்றே!" என்றார் ஆபரேட்டர். பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பெரிய திரையில் அண்ணி வாய் திறந்து நிற்கிறாள், மூச்சுக்கூடக் கேட்கவில்லை. கத்த முடியாமல் போன ஒருத்தி. குட்டிக்கே அப்போதுதான் உறைத்தது, எடுத்த அன்று அதைவிட உண்மையாக வேறெதுவும் பதிவாகவில்லை என்று. ஒருவரும் இருமவில்லை, நாற்காலி கிரீச்சிடவில்லை.

அந்த நிசப்தத்தில், திரைச்சீலைக்குக் கீழே இருந்த பாதங்கள் திரும்பின. நம்மைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தன.

"ஐயய்யோ! என் காலு! நான் அசையவே இல்லையே!"

அம்மாதான். எழுந்து நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். அந்த அலறலில் நடுவரிசையில் இருந்த ஆப்காரரின் உதவியாளர் ஒருவர் தானும் அலறினார். எதிர்வீட்டுக்காரரின் மனைவி கணவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் அசையலங்க! சத்தியமா அசையல! கேட்டுப் பாருங்க!" என்று அம்மா திரையைக் காட்டிக் காட்டிக் கத்தினாள்.

படம் முடிந்து எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. 'நடிப்பு: அண்ணி. கால்கள்: அம்மா. கால்கள், அம்மா பல் பிடுங்கப் போன அன்று: அண்ணன்.'

அரங்கே அதைப் படித்தது. பிறகு அரங்கே அண்ணனைப் பார்த்தது.

"அடப்பாவி" என்றாள் அம்மா, நாற்காலி மேலிருந்தபடியே. "என் நைட்டியப் போட்டுக்கிட்டா நின்னே?"

"பேர் போடாதேன்னு அவகிட்ட அத்தனை தடவ சொன்னேன்" என்று அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"என் காலு மாதிரியே இருக்கேடா!"

"உன் வயித்துல பொறந்தவன் காலு வேற எப்படிம்மா இருக்கும்?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. கைதட்டல் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை, மருந்துக்கடை முதலாளியாகத்தான் இருக்கவேண்டும்.

*

குட்டி அதற்குள் படியிறங்கி ஓடிவந்துவிட்டாள். வழியில் நிறுத்தியவர்களை எல்லாம் தாண்டி, மூன்றாவது வரிசைக்கு வந்து அண்ணியின் முன்னால் நின்றாள். அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்களக் கேக்காம வச்சுட்டேன். ஆனா கடைசியில நிறுத்திட்டேன் அண்ணி. வரல. அது வரல."

"என்ன சொல்றே?" என்றாள் அண்ணி, வழக்கத்தைவிடச் சத்தமாக.

"உங்க சத்தத்த..."

"இரு இரு." அண்ணி வலது காதில் விரலைவிட்டு ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தாள். பிறகு இடது காதிலிருந்து இன்னொன்று. "ம், இப்பச் சொல்லு."

குட்டி பஞ்சைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"போன வாரமே தெரியும். நீ ஒரு தடவ ஹெட்போன் போடாம ஓட்டிட்டே. நான் துணி எடுக்க வந்தேன், வாசலோட திரும்பிட்டேன். என் சத்தம் எனக்குத் தெரியாதா? பஸ்ல பாதிப் பேர் போன்ல அதுதானே அடிக்குது."

"தெரிஞ்சுமா வந்தீங்க? தெரிஞ்சுமா எனக்கு நன்றி சொன்னீங்க?"

"அது வேற, இது வேற. ஆறு மாசமா நீ என்னைக் கேட்டது நிஜம். ஒரு நாள் கேக்கலைங்கறதும் நிஜம். இதுக்காக அது இல்லைன்னு ஆயிடுமா?" அண்ணி பஞ்சை உள்ளங்கையில் உருட்டினாள். "நான் வரலைன்னா உனக்குக் கஷ்டம். வந்தா எனக்குக் கஷ்டம். நடுவுல இது இருக்கட்டும்னு பார்த்தேன்."

குட்டி அழுதுவிட்டாள். அழாமல் என்ன செய்வாள்?

"ஏய், கேளு. பஞ்சையும் தாண்டி ஒரு அலறல் கேட்டுச்சு. போச்சு, வந்துடுச்சுன்னு கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். அப்புறம் பார்த்தா, என்னடா இது, என் அலறல் எப்ப 'என் காலு, என் காலு'ன்னு சொல்லுச்சுன்னு..." அண்ணியால் மேலே பேச முடியவில்லை, மறுபடி சிரிப்பு. "அத்தை, நல்லா இருப்பீங்க அத்தை. இனிமே ஊருக்கு நீங்கதான் அலறல் அக்கா."

"எனக்கென்ன, நான் ரெடி" என்று அம்மா நாற்காலியிலிருந்து கையை நீட்டினாள். "முதல்ல என்னை இறக்கிவிடுங்க."

ஆப்காரர் அவர்களைக் கடந்து போகும்போது நின்றார். "கடைசியில சவுண்ட் போயிடுச்சே?"

"போகல சார். அது அப்படித்தான்" என்றாள் குட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப ஒரிஜினல் அலறல்?"

"இல்ல சார். வராது."

"அது இல்லேன்னா நாம பேசினது எதுவும் இல்லையேம்மா."

"தெரியும் சார். வந்து பார்த்ததுக்கு ரொம்ப நன்றி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, உதவியாளர்களோடு மாடிப்படிப் பக்கம் போனார். ஏறினாரா, இறங்கினாரா என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

*

வீடு திரும்பியது அண்ணனின் சர்வீஸ் வேனில். முன்னால் அண்ணனும் அம்மாவும். பின்னால் கிரீஸ் டப்பாவுக்கும் இரும்புக் கயிற்றுச் சுருளுக்கும் நடுவே குட்டியும் அண்ணியும். மாலை வெயில் பின்கண்ணாடி வழியாக வந்து இருவர் மடியிலும் விழுந்தது.

படம் விலைபோகவில்லை. அதைச் சொல்லி யாரும் வருத்தப்படவில்லை என்பது குட்டிக்கே ஆச்சரியமாக இருந்தது. மெத்தை விளம்பரம் இருக்கிறது, காலையில் போய் வெட்டலாம். இந்த மூன்று பேரும் கூட இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதை வாய்விட்டும் சொன்னாள்.

"நீங்க மூணு பேரும் இல்லேன்னா எனக்குப் படமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள் அம்மா முன்னாலிருந்து. "அடுத்த படத்துல எனக்கு மூஞ்சி வேணும், சொல்லிட்டேன்."

"எனக்கு ஒரு தடவ முழுசாப் போட்டுக் காட்டு குட்டி" என்றாள் அண்ணி. "பஞ்சு வச்சுக்கிட்டு என்னத்தக் கேட்டேன்? ஊரே பயந்துச்சு, எனக்கு ஒண்ணும் தெரியல."

"இன்னிக்கே போடறேன் அண்ணி." குட்டி சட்டைப் பையில் கைவிட்டாள். மறு பையில் விட்டாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

பென்டிரைவ் இல்லை. ஆபரேட்டரிடம் கொடுத்தது. திரும்ப வாங்கவே இல்லை.

போன் அடித்தது. ஆப்காரர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, சவுண்டை நீயே அணைச்சியாமே! ஆபரேட்டர் சொல்லிட்டாரு. இப்பத்தான் நாங்க சத்தத்தோட போட்டுப் பார்த்தோம். இதாம்மா படம்! என்ன அலறல்! இந்தக் காப்பியே போதும், நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுடலாம். அந்த ஒரு இடத்த மட்டும் டிரெய்லருக்கு வெட்டச் சொல்லிட்டேன், ராத்திரிக்குள்ள ஏத்திடறோம். உலகமே பார்க்கப்போகுது, பாரு!"

"சார், வேண்டாம் சார். அது நான்... சார், கொஞ்சம் கேளுங்க..."

"நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது. இதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

அண்ணன் வேனை ஓரம்கட்டினான். அம்மா திரும்பிப் பார்த்தாள். குட்டி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. படத்தில் அண்ணி திறந்த அதே மாதிரி.

அண்ணி அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். உருட்டிக்கொண்டிருந்த பஞ்சை மடியில் வைத்தாள். அவள் பேசியபோது, இரண்டு வருஷமாக இந்தக் குடும்பம் கேட்காத குரல் அது. வேனின் தகரச் சுவரில் பட்டுத் திரும்பியது.

"சார், அலறல் அக்கா பேசறேன். அந்தச் சத்தம் என்னோடது. என்னைக் கேட்டீங்களா?"

லைன் இருக்கிறதா என்று அண்ணி போனைப் பார்த்தாள். இருந்தது. அவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பதென்று அதை மறுபடி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.